‘கை வராது’ என்று நான் சொன்ன குருசாமி

உங்கள் பிசியோதெரபிப் பிரிவுக்குக் காந்தத் தூண்டல் கருவி வந்து இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பக்கவாதம் வந்தவரின் தலைமேல் ஒரு சுருளை வைத்து, மூளையைத் தட்டிக்கொடுத்து, விழுந்த கையை அசைக்கப் பழக்கும் கருவி. அதையொட்டி என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். அந்தக் கருவியை இயக்க எனக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த காலத்தில் ராஜபாளையத்தில் அது கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில், மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரே ஒரு தடவை அதன் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். அதற்கு முன்பே பத்து வருஷத்துக்கு மேல் பிசியோதெரபி செய்தவள் நான். ஆனாலும் இந்த வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது அந்த அரைமணியில்தான். ஆகவே கருவியைப் பற்றி இல்லாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் படிப்பை முடித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். இரண்டு கட்டில், நடக்கப் பிடித்துக்கொள்ள இணைக் கம்பிகள், சுவரில் ஒரு கப்பி, தசைக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியால் ஊரில் எனக்குக் கிடைத்த பெயர் ‘கரண்ட் வைக்கிற அம்மா’. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் முதல் பஸ்ஸில் ஏறினால் ஆலைத் தொழிலாளிகளோடு நின்றுகொண்டே வந்து சேருவேன்.

குருசாமி ஒரு நூற்பாலையில் சைடர். நூல் ஓடிக்கொண்டிருக்கும் நீளமான இயந்திரத்தின் ஒரு பக்கத்தை முழுதாகப் பார்த்துக்கொள்கிற ஆளை அப்படிச் சொல்வார்கள். நாள் முழுக்க மேலும் கீழும் நடந்து, எங்கே இழை அறுந்தாலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒட்டிவிட வேண்டும். நூலைச் சுற்றும் கதிர் நிற்காது. ஒட்டுகிற நேரத்தை மூச்சு விடுகிற நேரம் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிடக் குறைவு. அந்த ஆலையில் குருசாமிதான் வேகமான கை என்று மேஸ்திரியே சொல்வாராம். நாற்பத்தைந்து வயது. சேத்தூர் தாண்டி தேவதானத்திலிருந்து வேலைக்கு வந்து போனவர். காலை ஷிப்டில் இயந்திரத்துக்கு முன்னால் சரிந்து விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது பக்கம் முழுவதும் போயிருந்தது. நல்லவேளை, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மனைவி வள்ளித்தாய் அவரை ஒரு நாள் தவறாமல் என்னிடம் கூட்டி வந்தார். ஆறு வாரத்தில் நிற்க வைத்தோம். பத்தாவது வாரத்தில் கம்பியைப் பிடிக்காமல் நடந்தார். கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது.

மூன்றாவது மாதம் முடிந்த ஒரு திங்கட்கிழமை. வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். குருசாமி கேட்டார்:

“அம்மா, கை வருமா?”

அவருடைய விரல்களை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தேன். “இத்தனை நாளுக்குள்ள விரல் அசையலன்னா இனிமே வாறது கஷ்டம், குருசாமி. இடது கையைப் பழக்கிக்கோங்க. நாம நடையில கவனம் வைப்போம்” என்றேன்.

“வராதுன்னு சொல்றீகளா?”

“வராது.”

அந்தப் பேச்சு இரண்டு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பொய் நம்பிக்கை கொடுக்காமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. படிக்கிற காலத்தில் கேட்ட ஒரு பொதுக்கணக்கை எடுத்து, என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆள்மேல் போட்டுவிட்டேன் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. வள்ளித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குருசாமி அழவில்லை. “சரிம்மா” என்று எழுந்து போனார். அடுத்த வாரம் வந்தபோது அந்தக் கை ஒரு துண்டில் கட்டப்பட்டு நெஞ்சோடு கிடந்தது. நானும் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை.

நாலு மாதம் அப்படியே போனது.

மதுரையிலிருந்து ஒரு நரம்பியல் டாக்டர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பார். குருசாமியின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க நான்தான் அங்கே அனுப்பியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மெட்ராஸில் தன் நண்பர் ஒருவர் காந்தத்தால் மூளையைத் தூண்டிப் பார்க்கும் கருவியை வைத்துப் பக்கவாத நோயாளிகளைச் சோதிப்பதாகச் சொன்னார். “குருசாமியை அனுப்பலாம். நீங்களும் போயிட்டு வாங்க. உங்களுக்கும் பார்த்த மாதிரி இருக்கும்” என்றார். எனக்கு ஆசைதான். லீவு போட்டுவிட்டு, குருசாமி, வள்ளித்தாயோடு ரயில் ஏறினேன்.

அறை சின்னது. ஒரு நாற்காலி, ஒரு திரை, பக்கத்தில் கனத்த பெட்டி. பெட்டியிலிருந்து தடித்த வயர் ஒன்று வந்து, இட்லித் தட்டு அகலத்தில் ஒரு வட்டச் சுருளில் முடிந்தது. அங்கிருந்த டாக்டர் பொறுமையானவர். தலைக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ ஏதாவது உலோகம் வைத்திருக்கிறார்களா, வலிப்பு வந்ததுண்டா என்றெல்லாம் கேட்டுக்கொண்டு, கட்டைவிரலின் அடிச் சதையில் இரண்டு சின்ன உலோக வில்லைகளை ஒட்டினார். அந்தச் சதை துடித்தால் திரையில் கோடு எழும்பும்.

“இது வைத்தியம் இல்லை, குருசாமி. மூளையில கையை அசைக்கிற இடத்தை இதால தட்டுவோம். அங்கிருந்து கைக்கு வழி இருந்தா விரல் துடிக்கும். வழி இருக்கான்னு பார்க்கிறது மட்டும்தான்.”

முதலில் நல்ல கைக்காகத் தலையில் சுருளை வைத்தார். டப் என்று ஒரு சத்தம். இடது கட்டைவிரல் துள்ளியது. குருசாமி சிரித்துவிட்டார். “ஏட்டி வள்ளி, பாத்தியா! நான் ஆட்டல, அதுவா ஆடுது!”

பிறகு வலது கைக்கு. டப். திரையில் கோடு படுத்தே கிடந்தது. சுருளைக் கொஞ்சம் நகர்த்தினார். டப். ஒன்றுமில்லை. தட்டலின் பலத்தைக் கூட்டினார். ஒன்றுமில்லை. பத்துத் தடவைக்கு மேல் இருக்கும்.

இதை நான் மறைக்கக்கூடாது. அந்த நேரத்தில் என் மனசின் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. ‘நான் சொன்னது சரிதான்’ என்ற நிம்மதி. ஒரு மனிதருக்குக் கை இல்லை என்று தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு எனக்கு அப்படித் தோன்றியது.

டாக்டர் சுருளை எடுக்கவில்லை. “குருசாமி, இப்ப நீங்களும் கட்டைவிரலை உள்ள இழுக்கப் பாருங்க. அசையாட்டியும் பரவாயில்லை, இழுக்கணும்னு முயற்சி பண்ணுங்க. அப்ப நான் தட்டுறேன்.”

குருசாமி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்:

“அது வராது சார். அம்மா அப்பவே சொல்லிட்டாக.”

குறை சொல்கிற தொனி அதில் கொஞ்சமும் இல்லை. ஊர் பேர் கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். அந்த டாக்டர் என்னைப் பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாற்காலிக்குப் பக்கத்தில் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். “குருசாமி, நான் சொன்னத விட்டுருங்க. இழுங்க.”

“எப்பிடிம்மா இழுக்க? நாலு மாசமா இழுக்கவே இல்லையே. எங்கிட்டு இழுக்கணும்னே மறந்துபோச்சு.”

“நூல் அறுந்துருச்சு. பிடிங்க.”

அவர் கண்ணை மூடினார். நெற்றியில் வேர்த்தது. தாடை இறுகியது. கை அசையவில்லை, ஆனால் ஆள் முழுவதும் அந்தக் கைக்குள் இறங்கியது தெரிந்தது. டப். கோடு லேசாக நெளிந்தது. “இன்னொரு தடவை” என்றார் டாக்டர். டப். கோடு எழுந்தது. தோலுக்கடியில் எறும்பு ஓடின மாதிரி அந்தச் சதை துடித்தது. முதலில் பார்த்தது வள்ளித்தாய்.

“ஆடுது! எம்மா, ஆடுது!”

மறுபடி மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “வழி இருக்கு. குறுகலாத்தான் இருக்கு, ஆனா இருக்கு. எவ்வளவு தூரம் வரும்னு என்னால சொல்ல முடியாது. அவர் முயற்சி பண்ணும்போது மட்டும்தான் தெரியுது. அதைக் கவனிச்சீங்களா?”

கவனித்தேன்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். வள்ளித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மிஷின இன்னும் நாலஞ்சு தடவ வச்சா முழுசா வந்துருமாம்மா? எம்புட்டு நாள் வேணும்னாலும் இங்கயே கெடந்துருதோம்.”

எனக்கு ஒரு சுலபமான வழி திறந்திருந்தது. ‘இது வெறுங்கண்ணுக்குத் தெரியாத விஷயம், மிஷின் வந்ததால்தான் தெரிந்தது’ என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். அவர்கள் நம்பியிருப்பார்கள், என்னைக் கும்பிட்டும் இருப்பார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். குருசாமி மடியில் அந்தக் கையை வைத்து, இன்னும் ‘இழுத்து’க்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை.

“மிஷின் குணமாக்கலம்மா. வழி இருக்குன்னு காட்டிச்சு, அவ்வளவுதான். அந்த வழி அப்பவே இருந்திருக்கு. நான் சரியாப் பார்க்கல. வராதுன்னு சொன்னது என் தப்பு. நான் சொன்னதாலதான் இவரு நிறுத்துனாரு. நாலு மாசம் வீணாப்போச்சு.”

வள்ளித்தாய்க்கு உடனே புரியவில்லை. குருசாமிக்குப் புரிந்தது.

“நாலு மாசம்” என்றார். “இந்தக் கைய செத்த கோழி மாதிரி நெஞ்சுல கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். வேலைக்கு வர மாட்டேன்னு மில்லுல எழுதிக் குடுத்துருவமான்னுகூட நெனச்சேன். நீங்க ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டுப் போயிட்டீக.”

அப்புறம் ஊர் வந்து சேரும்வரை அவர் என்னிடம் பேசவில்லை.

ஊருக்கு வந்த பிறகு இரண்டு வாரம் அவர்கள் சிகிச்சைக்கு வரவில்லை. நடந்ததை எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அன்றைக்குக் கோபப்பட்டார். “பேஷண்ட்கிட்டப் போய் ‘நான் தப்பாச் சொல்லிட்டேன்’னு சொல்லுவாங்களா? நாளைக்கு உங்க ரூமுக்கு யாரு வருவா? இனி அந்த ஆளைத் தேடிப் போகாதீங்க. வந்தா பாருங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீடு தேடிப் போவது என் குற்ற உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளத்தானோ என்று நானே யோசித்தேன். ஆனால் கை பழகுகிற நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தேவதானத்துக்குப் பஸ் ஏறினேன்.

தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. வாசலில் குருசாமி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வள்ளித்தாய்தான் “வாங்கம்மா” என்று பாய் விரித்தார். துண்டுக் கட்டு அவிழ்ந்திருந்தது. அவர் முன்னால் ஒரு முறத்தில் உளுந்து. வலது கையை இடது கையால் தூக்கி அதற்குள் போட்டு, விரலை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது.

“அப்பிடிச் செஞ்சா மணிக்கட்டு வீங்கிரும்” என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பொறவு எப்பிடிச் செய்ய?”

“முழங்கைக்கு அடியில தலகாணி வைக்கணும்.”

அவர் விரலை மடக்குவதை நிறுத்தினார். பிறகு சொன்னார்: “மெட்ராசுல நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சேயிருக்காது. மிஷின் ஆட்டுச்சுன்னு நெனச்சிருப்பேன். எம்புட்டோ பேரு எனக்கு வைத்தியம் பாத்தாக. ஒருத்தரும் ‘என் தப்பு’ன்னு சொன்னதில்ல. கோவம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்தாலும் நீங்களே பாருங்க.”

சொல்லிவிட்டு அந்தக் கையை முறத்திலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார். அந்த நிமிஷத்துக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பிறகு நடந்தது முழுக்க அலுப்பான வேலை. உங்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கைப்பயிற்சிக்கென்று என்னிடம் இருந்த பந்தும் ஆப்புக்கட்டையும் அவருக்கு எந்த ஆர்வமும் தரவில்லை. ஒரு நாள் அவருடைய கூட்டாளி ஆலையிலிருந்து கழிவு நூல் சுற்றிய பாபின்கள் நாலைந்து கொண்டுவந்து கொடுத்தார். அதோடு குருசாமி எனக்கு இழை ஒட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். “இம்புட்டு முறுக்கக் கூடாதும்மா, முடிச்சு விழுந்துரும். மெத்துன்னு வைங்க.” எனக்கு வரவே இல்லை. என்னைத் திருத்துகிற அவசரத்தில் அவருடைய வலது கை தானாக முன்னே வரும். வந்ததை அவர் கவனிக்க மாட்டார். நான் கவனிப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். இரண்டாவது மாதத்தில் கட்டைவிரல் கண்ணுக்குத் தெரிய அசைந்தது. ஐந்தாவது மாதத்தில் ஆள்காட்டி விரலைத் தொட்டது. ஒரு வருஷம் ஆகும்போது, மேஜைமேல் நிற்கிற நூலை அவர் ஒட்டினார். மெதுவாக, ஆனால் ஒட்டினார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமான சோதனை வந்தது.

ஆலையிலிருந்து கடிதம் வந்தது. இவர் பழைய வேலைக்குத் தகுதியா என்று ஆஸ்பத்திரி எழுதித் தர வேண்டும். பெரிய டாக்டர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். “கையப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்.” குருசாமி வந்து முன்னால் உட்கார்ந்தார்.

“எழுதிக் குடுங்கம்மா. பழைய எடத்துக்கே போறேன். ஒரு தடவ வராதுன்னு சொன்னீக. இப்ப வரும்னு எழுதுங்க.”

கேலியாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவே சொன்னார். என் பேனா ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. ஒரு தடவை ‘முடியாது’ என்று சொல்லி அவரை முடக்கியவள், இன்னொரு தடவை எப்படிச் சொல்வது? எழுதிக் கொடுத்தால் எங்கள் கணக்குத் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் ஓடுகிற கதிருக்கு என் குற்ற உணர்ச்சி தெரியாது. இரண்டு விரல் ஒரு நொடி தாமதித்தால் என்ன ஆகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. முதல் தடவையும் தெரியாமல்தான் பேசினேன்.

பேனாவை மூடினேன். “நாளைக்கு மில்லுக்குப் போவோம். நானும் வாரேன். இயந்திரத்துக்கு முன்னால நின்னு பாத்துட்டு ரெண்டு பேருமா முடிவு பண்ணுவோம்.”

மேஸ்திரி அனுமதி வாங்கித் தந்தார். உள்ளே ஒரே இரைச்சல், பஞ்சுத் தூசி, வெக்கை. பழைய ஆட்கள் எல்லாரும் குருசாமியைச் சுற்றிக்கொண்டார்கள். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார். ஓர் இழை அறுந்தது. குருசாமி போய் ஒட்டினார். கைதட்டல். இரண்டாவது இழை மூன்றாவது முயற்சியில்தான் ஒட்டியது. அதற்குள் சற்றுத் தள்ளி மூன்று இழைகள் அறுந்தன. அவர் வேகமாகத் திரும்பினார். அங்கே ஒரு கதிரை நோக்கிக் கையை நீட்டியபோது விரல்கள் இறுகிக்கொண்டன. களைத்தால் அந்தக் கை அப்படித்தான் செய்யும். கையைச் சட்டென்று பின்னால் இழுக்க அவரால் முடியவில்லை. மேஸ்திரி முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

குருசாமி அந்த இயந்திரத்தின் முழு நீளத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, இரைச்சலுக்கு மேல் சத்தமாகச் சொன்னார்:

“எழுதிருங்கம்மா. இங்க வேண்டாம்.”

அந்த ‘வேண்டாம்’ அவருடையது. முந்தைய ‘வராது’ என்னுடையது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அந்த இரைச்சலில்தான் கற்றுக்கொண்டேன். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கம் கை போகாத வேலை எதுவானாலும் செய்வார் என்று எழுதிக் கொடுத்தேன். நூலின் தரத்தைச் சோதிக்கிற அறையில் இடம் கொடுத்தார்கள். வேகம் தேவையில்லை, கண்ணும் அனுபவமும் வேண்டும். ஓய்வு பெறுகிற வயது வரை அங்கேயே இருந்தார். முதல் சில மாதங்கள் பழைய இயந்திரப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவாராம். பிறகு அதுவும் சரியாகிவிட்டது.

அந்த மெட்ராஸ் டாக்டருக்கு நான் நன்றி சொல்லவேயில்லை. சுருளை எடுத்துவிடாமல், இன்னொரு தடவை முயற்சி செய்யச் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியத்துக்கு இப்போது நன்றி சொல்கிறேன். என்னைக் கோபித்துக்கொண்ட பெரிய டாக்டருக்கும் நன்றி. அடுத்த வாரமே அவர் என் அறைக்கு வந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார், காரணம் சொல்லாமல். வள்ளித்தாய்க்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அத்தனை நாளும் பஸ்ஸில் கூட்டி வந்தது அந்த அம்மாதான்.

சில வருஷம் கழித்து குருசாமி ஒருவரை என் அறைக்குக் கூட்டி வந்தார். வள்ளித்தாயின் தம்பி. கான்சாபுரத்தில் விவசாயம். இடது பக்கம் விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பயந்துபோன முகம். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவதற்குள், குருசாமி அவருடைய தோளில் தன் வலது கையை வைத்துச் சொன்னார்:

“ஏலே, அம்மா நல்லாப் பாப்பாக. அவிய என்ன சொன்னாலும் கேளு. ஆனா வராதுன்னு யாரு சொன்னாலும், இந்த அம்மாவே சொன்னாலும், நீ இழுக்கத மட்டும் நிப்பாட்டிராத.”

சொல்லிவிட்டு, ‘சரிதானேம்மா?’ என்பதுபோல என்னைப் பார்த்தார்.

“சரிதான், குருசாமி” என்றேன்.